விரல்நுனி வைத்தியர்

உங்களுக்குத் தெரிந்த வைத்தியர்களில் இவரைச் சேர்த்திருக்க மாட்டீர்கள். இவருக்குப் பட்டம் கிடையாது, வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, நோயாளி கூப்பிட வேண்டும் என்ற அவசியமும் கிடையாது. மருந்துச் சாமான் கடையில் ஷாம்புவுக்கும், எங்கள் ஊரே ஓயாமல் மெல்லும் கறுப்பு அதிமதுர மிட்டாய்க்கும் நடுவில் ஓர் அலமாரி இருக்கிறதே, அதன் முன்னால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டைப்பெட்டிகளின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டு நிற்பார். இரும்புச்சத்துக்கு ஒரு பெட்டி, தைராய்டுக்கு ஒரு பெட்டி, வயிற்றுக்குள் குடியிருக்கும் கிருமிக்கு ஒரு பெட்டி. விரலைக் குத்து, ஒரு சொட்டு ரத்தம் விடு, கோடு விழுகிறதா பார். அவ்வளவுதான் வைத்தியசாலை. எங்கள் மெப்பல் நகரத்தில் தெருவுக்கு ஒரு விரல்நுனி வைத்தியராவது உண்டு. எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் என் பக்கத்து வீட்டு கெர்லோஃப்.

இந்த இனம் எங்கள் நாட்டில் இப்படிச் செழித்ததற்கு எங்கள் குடும்ப டாக்டர்கள்தான் பொறுப்பு. நீங்கள் போன் செய்தால் முதலில் உதவியாளர் பெண் எடுப்பார். வலி எங்கே, எப்போது, குத்துகிறதா, பிசைகிறதா என்று போலீஸ் மாதிரி விசாரிப்பார். கடைசியில், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு இரண்டு வாரம் பாருங்கள், போகாவிட்டால் கூப்பிடுங்கள் என்பார். பெரும்பாலும் போய்விடும். அதுதான் எரிச்சல். இவ்வளவு கவலைப்பட்டதற்கு ஒரு மரியாதை வேண்டாமா?

கெர்லோஃபுக்கு நீர் வாரியத்தில் வேலை. கால்வாயில் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறினாலும் இறங்கினாலும் கவலைப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். எதையும் அளந்துவிட்டால் அது அடங்கிவிடும் என்பது அவருடைய மதம். இந்த வருடம் கோடை தொடக்கத்தில் சந்தையில் பச்சை ஹெரிங் மீனை வெங்காயத்தோடு தின்றுவிட்டு வந்தவர், மாலைக்குள் இரண்டு முறை ஏப்பம் விட்டிருக்கிறார். மறுநாள் வேலிக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பட்டையை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாருங்க, ரெண்டு கோடு."

"அப்படின்னா?"

"பைலோரி. நம்ம பழைய ஆள் திரும்பி வந்துட்டான்."

கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒன்றுவிட்ட தம்பி திரும்பி வந்ததைப் போலத்தான் சொன்னார். பல வருடங்களுக்கு முன் இதே கிருமி அவருடைய வயிற்றில் இருந்ததும், டாக்டர் கொடுத்த மாத்திரைகளை விழுங்கி அதை ஒழித்ததும் தெருவுக்கே தெரியும். இப்போது கேள்வி, திரும்பக் கொண்டுவந்து விட்டது யார் என்பது. கரண்டிகள் பிரிந்தன. சூப்பை ருசி பார்க்கும் உரிமை மனைவி அலீடாவிடமிருந்து பறிக்கப்பட்டது. யாரைப் பார்த்தாலும் எங்கள் ஊர் வழக்கப்படி கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்துப் பழகிய மனிதர், முழங்கையை நீட்ட ஆரம்பித்தார்.

டாக்டரிடம் கேட்கவில்லையா என்கிறீர்களா? கேட்டார். உதவியாளர் பெண் சொன்னதை, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு அத்தாட்சியாக, என்னிடம் அப்படியே ஒப்பித்தார்.

"ரத்தத்துல தெரியறது பழைய சண்டையோட தழும்பாம். கிருமி செத்து வருஷக்கணக்கானாலும் கோடு விழுமாம். இப்ப உள்ள இருக்கானான்னு தெரியணும்னா, ஒரு சின்ன டப்பியில மலம் கொண்டு வரணுமாம்."

"கொண்டு போங்களேன்."

"சைக்கிள் பையில அதை வெச்சுக்கிட்டு சந்தை வழியா போகச் சொல்றீங்களா? தெரிஞ்சவங்க யாராவது நிறுத்திப் பேசினா?"

கவனித்தீர்களா? பத்துப் பேர் பார்க்க விரலைக் குத்திக்கொள்வார். ரத்தம் கௌரவமானது. டப்பி அப்படியல்ல. விரல்நுனி வைத்தியரின் அறிவியல் எல்லாம் இடுப்புக்கு மேலேதான்.

அவர் பரிசோதனை செய்யும் அழகைச் சொல்லாமல் விட்டால் பாவம். கையை வெந்நீரில் நனைப்பார், தோளிலிருந்து சுழற்றி ரத்தத்தை விரலுக்கு இறக்குவார், ஊசியை டிக்கென்று அமுக்குவார், சொட்டைக் குழிக்குள் விட்டு அதன்மேல் மருந்து நீரை விடுவார், முட்டை வேகவைக்கும் டைமரைத் திருகுவார். பிறகு யாரும் பேசக் கூடாது. மேஜை ஆடக் கூடாது. பெட்டிக்குள் வரும் தாளைச் சட்டப் புத்தகம் படிப்பதுபோல வரிவரியாகப் படிப்பார், கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு. முடிவு என்னவாக இருந்தாலும் தொந்தரவு நீடித்தால் டாக்டரைப் பாருங்கள் என்று இருக்குமே, அந்த வரி.

தன் விரல் தீர்ந்ததும் அலீடாவின் விரலுக்கு வந்தார். அலீடா நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவர். முழங்கால் தேய்ந்துவிட்டது. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் கறுப்புக் காப்பியோடு விழுங்கிவிட்டுக் காலையில் கிளம்புவதை என் சமையலறை ஜன்னலிலிருந்து தினமும் பார்ப்பேன். அவருக்கு ஒரே கோடு விழுந்தது. ஒரு கோடென்றால் கிருமி இல்லை. தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

"கெர்லோஃப், சாப்பிட்டா நெஞ்சுக்குக் கீழ எரியுது."

"உனக்கு ஒரு கோடுதான் அலீடா. எரியாது."

"எரியுதுன்னுதானே சொல்றேன்."

"அது மனசுல எரியுது. எனக்குத்தான் ரெண்டு."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதிகாரபூர்வ நோயாளி கெர்லோஃப்தான். வலியே இல்லாத வயிற்றுக்காக ஓட்ஸ் கஞ்சி கொதித்தது, காய்ச்சியவர் ஒரு கையால் தன் வயிற்றை அமுக்கிக்கொண்டு கிண்டினார். கொஞ்ச நாளில் அலீடா இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். வெளிக்குப் போனால் கறுப்பாகப் போகிறது என்று. வைத்தியருக்கு அதற்கும் பதில் இருந்தது. வேறெங்கும் எவனுக்கும் தோன்றாத, எங்கள் ஊர்க்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய பதில்.

"மிட்டாயைக் குறை. பை பையா அதிமதுரம் தின்னா வேற என்ன கலர்ல போகும்?"

அலீடா மிட்டாயைக் குறைத்தார். நிறம் மாறவில்லை. டாக்டருக்குப் போன் செய்யவா என்று கேட்டதற்கு, வீட்டிலேயே பார்த்தாகிவிட்டதே, எதற்கு அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று பதில் வந்தது.

பிறகு கெர்லோஃபின் பிறந்தநாள் வந்தது. எங்கள் பிறந்தநாள் விழா எப்படி இருக்கும் தெரியுமோ? வீட்டில் உள்ள நாற்காலிகளையெல்லாம் வட்டமாகப் போட்டு உட்கார்ந்துவிடுவோம். வருகிறவர் ஒவ்வொருவரும் வட்டத்தைச் சுற்றி வந்து, பிறந்தநாள்காரரை மட்டுமல்ல, அவரோடு ஒட்டிய எல்லோரையும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். உங்க புருஷனுக்கு வாழ்த்துகள், உங்க அத்தானுக்கு வாழ்த்துகள். என்னைக்கூட, உங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு வாழ்த்துகள் என்று ஒருவர் வாழ்த்தினார். காப்பியும் ஆளுக்கு ஒரு துண்டு கேக்கும் முடிந்ததும் கெர்லோஃப் உள்ளே போய் ஒரு தட்டு நிறைய அட்டைப்பெட்டிகளோடு திரும்பினார்.

"அத்தான், ரெண்டாவது கேக் வரும்னு பார்த்தா ஊசி வருது," என்றாள் அலீடாவின் தங்கை ரூலி.

"கேக் வயித்துக்குள்ள போகும் ரூலி. வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு இதுதான் சொல்லும். விரலை நீட்டு."

நீட்டினாள். வேறு வழி? பிறந்தநாள்காரரின் ஆசை. டிக். சொட்டு. டைமர். வட்டம் முழுக்க மூச்சடங்கி அந்தப் பிளாஸ்டிக் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அலீடா மட்டும் அடுத்த காப்பிக்காக எழுந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்ததை நான் பார்த்தேன். சமையலறை வாசலில் கோப்பைகள் சிதறும் சத்தம் கேட்டது.

"யாரும் எழுந்திருக்காதீங்க, மேஜை ஆடும்," என்றார் கெர்லோஃப், திரும்பாமலே.

ரூலி விரலில் ரத்தத்தோடு ஓடினாள். அலீடா நிலையில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, என்ன பண்ணுது? எத்தனை நாளா இப்படி?"

"ரொம்ப நாளா. தார் மாதிரி போகுது. எனக்குத்தான் ஒரு கோடாச்சேன்னு பேசாம இருந்தேன்."

அலீடாவை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போன பிறகு மேஜைமேல் டைமர் அடித்தது. ரூலிக்கும் ஒரு கோடு.

கெர்லோஃபை என் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். எனக்கு வழியெல்லாம் கோபம். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த இளம் பெண் டாக்டர் வெளியே வந்து எங்களை உட்காரச் சொன்னார்.

"வயித்துல புண்ணு, அதுல ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, அதான் கறுப்பாப் போயிருக்கு. இப்ப அடைச்சாச்சு, ரத்தம் ஏத்திக்கிட்டிருக்கோம். பொழைச்சுட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நான் இதைச் சொல்லியிருக்க முடியாது."

"பைலோரியா?" என்றார் கெர்லோஃப்.

"கிருமி எதுவும் இல்ல. முழங்கால் வலிக்குச் சாப்பிட்ட மாத்திரைதான் புண்ணாக்கியிருக்கு."



"அப்போ நான் செஞ்ச டெஸ்ட் சரியாத்தான் சொல்லியிருக்கு," என்றார் கெர்லோஃப்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கெர்லோஃபைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவர் கையிலிருந்த காகிதக் கோப்பை சாய்ந்து, காப்பி முழுவதும் பேண்டில் கொட்டியிருந்தது. சூடு தெரியவில்லை போலிருக்கிறது. மனிதர் மனைவிமேல் உயிரையே வைத்திருக்கிறார். அன்பில்லாதவர்கள்தான் இப்படி ஆவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அலீடா வீடு திரும்பியதும் முதல் காரியமாக ஒரு டப்பியை வரவழைத்தார். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாராம்: "போ." சந்தை நாளன்று, சைக்கிள் பையில் அதை வைத்துக்கொண்டு, வழியில் நிறுத்திப் பேசிய அத்தனை தெரிந்தவர்களுக்கும் பதில் சொல்லி, கெர்லோஃப் டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார். முடிவு வந்த அன்று வேலியோரம் நின்றார். முகம் தொங்கியிருந்தது.

"ஒண்ணுமே இல்லையாம். பழைய தழும்புதானாம்."

கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த அலீடாவிடம் போய்க் கைகுலுக்கி, "உங்க புருஷன் வயித்துக்கு வாழ்த்துகள்," என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கும்போதுகூட ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். நம் வீட்டில் ஊசியும் இல்லை, பட்டையும் இல்லை, நாம் அந்த இனமில்லை என்று நிம்மதியாக இருப்பீர்கள். இந்த இனத்தை ஊசியை வைத்து அடையாளம் காண முடியாது, ஐயா. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையிலிருந்து யாராவது எங்கோ வலிக்கிறது என்று சொன்னார்களா? 'ஒண்ணுமில்ல, சரியாயிடும்' என்று நீங்கள் தலை நிமிராமலே சொன்னீர்களா? எதற்கும் ஒரு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.