ஆறைப் போட்டுப் பார்த்தியா?

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. கோப்பியில் சீனி குறைந்தால்கூட யாரோ திட்டமிட்டுச் செய்ததாகத்தான் தோன்றும்.

எண்பதுகளில், பினாங்கு ரோட்டில் ஒரு கோப்பிக் கடையின் மேல்மாடியில் கணினி வகுப்புக்குப் போனேன். கூடவே என் தங்கை லெட்சுமியும். இறுதிப் பரீட்சையாகச் செல்லையா மாஸ்டர் ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்: கொடுக்கிற எண்ணை ஒன்றும் சுழியமுமாக மாற்றிக் காட்ட வேண்டும். முதலாவதாக வருபவருக்கு ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை. ஒரே ஓர் இடம்.

அன்றிலிருந்து தங்கை எனக்கு எதிரி நாட்டு உளவாளி. புரோகிராம் எழுதும் டிஸ்கைப் பிஸ்கட் டின்னில் போட்டு, டின்னைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன். (கழுத்து இரண்டு வாரம் திரும்பவில்லை.)

கணக்கு எளிது. எண்ணை இரண்டால் வகுத்துக்கொண்டே போய், மீதிகளை வரிசையாக எழுத வேண்டும். எழுதிவிட்டுச் சோதித்தேன். நிச்சயதார்த்தத் தட்டைக்கூட ஒற்றைப்படையில் எடுக்கிற குடும்பம். நல்ல காரியத்தில் இரட்டைப்படையைத் தொடுவேனா? மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது போட்டேன். 11, 101, 111, 1001 என்று வந்தன. அத்தனையும் சரி!

பரீட்சையன்று மாஸ்டர் என் பின்னால் வந்து நின்றார். "தம்பி, ஆறைப் போடுங்க பாப்பம்."

110 வர வேண்டும். வந்தது 011.

துள்ளி எழுந்தேன். "மாஸ்டர், இவதான்! நேத்து என் சீட்டுல உக்காந்திருந்தா. வேணும்னே மாத்தி வச்சிட்டா! பேக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்க!" (பேக்கில் எதைத் தேடுவதாக இருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.)

லெட்சுமி நிதானமாக வந்து திரையைப் பார்த்தாள்.

"அண்ணே, மீதியைக் கடைசியிலேர்ந்து படிக்கணும்லா. நீ முதல்லேர்ந்து எழுதியிருக்க. ஒத்தப்படைய மட்டும் போட்டுப் பாத்தியா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"ஒம்பது வரைக்கும் ஒத்தப்படைக்கு வர்ற விடைய எந்தப் பக்கம் படிச்சாலும் ஒரே மாதிரிதான். ஆறைப் போட்டுப் பாத்தியா?"

வகுப்பு சிரித்த சிரிப்பில் கீழே கோப்பி ஆற்றிக்கொண்டிருந்தவர் மேலே ஏறி வந்துவிட்டார்.

வேலை அவளுக்குப் போனது. எனக்கு வாய்த்தது அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. (சந்தேகப்படுவதற்குச் சம்பளம்!)

போன வாரம், பக்கத்து வீட்டுக்காரர் என் குடையை எடுத்துவிட்டார் என்று ஆரம்பித்தேன். லெட்சுமியின் மகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மாமா, ஆறைப் போட்டுப் பாத்தீங்களா?"

குடை என் முழங்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.