வெளியுறவுக் கொள்கையும் மாயவரத்துச் சம்பந்தமும்

பாபநாசம்,
8.9.1997

அன்பிற்குரிய தம்பி பாசித்துக்கு, அண்ணன் ஜெக்கரியா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஷார்ஜாவில் நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆ செய்கிறோம். இங்கே உன் அண்ணி சைத்தூன் பீவி நலம், ஜவுளிக்கடை நலம், குறுவை அறுவடையும் குறையில்லை. நலமில்லாதவன் நான் ஒருவன்தான். காரணம், டெல்லியில் பேராசிரியையாக இருக்கும் என் மகள் டாக்டர் தஹ்மீனா.

அவள் படிக்கப் போனபோது, என்ன படிப்பு என்று கேட்டவர்களிடமெல்லாம் வெளியுறவுக் கொள்கை என்று சொல்லி வைத்தேன். அதுதான் வினை. பட்டம் வாங்கி, அங்கேயே பாடம் நடத்தி, நாடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையைப் பற்றித் தலையணைப் பருமனில் இங்கிலீஷ் புத்தகமும் எழுதிவிட்டாள். பத்திரிகையில் படம் வந்தது. மறுநாள் கடை திறக்குமுன் வலங்கைமான் முருகையன் மகனுடைய பாஸ்போர்ட்டோடு நிற்கிறார். "பாய், பாப்பாகிட்ட சொல்லி சிங்கப்பூருக்கு ஒரு விசா போட்டுக் குடுங்க." லீவில் வந்திருந்த தஹ்மீனா பொறுமையாகச் சொன்னாள்: "நான் விசா குடுக்கிறவ இல்லைங்க. ஏன் குடுக்க மாட்டேங்கிறாங்கன்னு எழுதுறவ." அவர் விடுவாரா? "அப்ப குடுக்காதவன் யாருன்னு ஒனக்குத் தெரியும்லம்மா, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு!" அந்த வாரம் துணி வாங்க வந்தவர்களைவிட பாஸ்போர்ட்டோடு வந்தவர்கள் அதிகம்.

இதற்கிடையில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் அவளைப் பாடம் நடத்தக் கூப்பிட்டுவிட்டது. வயசு முப்பத்தொன்று, போனால் கல்யாணம் என்னாவது என்று பயந்து அவசரமாக மாயவரத்தில் ஒரு சம்பந்தம் பேசினேன். மாப்பிள்ளை அப்சர், அபுதாபியில் இன்ஜினியர், தங்கமான பிள்ளை. பெண் பார்க்க வந்த இடத்தில் அவருடைய தாயார் ஆசியா, "பொண்ணுக்கு என்ன வேலை?" என்றார். "வெளியுறவு" என்றேன் பெருமையாக. அந்தம்மா முகம் சுருங்கிவிட்டது. "வெளி உறவா? நாங்க சொந்தத்துலதானே குடுத்து எடுக்கிறது! நீங்க தூரத்துச் சொந்தம்னுல்ல சொன்னாங்க!" இரண்டு வீட்டு வம்சாவளியையும் ஒப்பித்து நான் முடிப்பதற்குள் சமோசா ஆறிப்போனது.

பிறகு இருவரையும் தனியே பேச விட்டோம். பேசிவிட்டு வந்த தஹ்மீனா சிரித்த முகமாக, "பேச்சு ரொம்ப இணக்கமா நடந்துச்சு. தொடர்ந்து பேசலாம்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்" என்றாள். இதைவிட வேறென்ன வேண்டும்? மாயவரத்துக்காரர்கள் முகம் மலர்ந்து கார் ஏறினார்கள். நான் கடைத்தெரு முழுக்க அல்வா கொடுத்தேன். என் மகள் எனக்குக் கொடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

அல்வாப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்த என்னிடம் அவள் சொன்னாள்: "என்ன அத்தா இது! எங்க தொழில்ல அப்படிச் சொன்னா ஒண்ணும் முடியலைன்னு அர்த்தம். அவரு இங்கிலாந்துக்கு வரமாட்டாரு, நான் அபுதாபிக்குப் போகமாட்டேன்."

"அதை அங்கேயே சொல்றதுக்கென்ன?"

"அங்கேயே சொன்னா அது கொள்கை இல்ல அத்தா, சண்டை."

அடுப்படியில் சைத்தூன் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறி, இங்கிலாந்தும் வேண்டாம் எந்த நாடும் வேண்டாம் என்று கத்திவிட்டேன். தஹ்மீனா மறுநாளே டெல்லிக்கு ரயிலேறிவிட்டாள். ஆகவே தம்பி, சின்னத்தா நீ சொன்னால் அவள் கேட்பாள். புத்தகம் எழுதியது போதும், ஊர் வந்து சேர் என்று நீ கண்டிப்பாக அவளுக்கு எழுத வேண்டியது.

உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் வெயில் தணிந்த வேலையிடத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
அண்ணன் ஜெக்கரியா

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் தஹ்மீனா கடைக்குப் போன் செய்தாள். "அத்தா, ஒங்களுக்கு மனசில்லைன்னா நான் போகலை. வரலைன்னு எழுதிப் போட்டுடுறேன்." கேட்டது கிடைத்தால் சந்தோஷம் வர வேண்டுமே, வரவில்லை. "என்னது, போகலையா? பிச்சுப்புடுவேன்! பாபநாசத்துலேர்ந்து எத்தனை பேரு அங்க பாடம் நடத்தப் போயிருக்காங்க? ஒழுங்காப் போய்ச் சேரு!" என்று நான் போட்ட சத்தத்தில், சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்தே விட்டார்கள். அவள் அழுதாளா, சிரித்தாளா? லைன் சரியில்லை, தெரியவில்லை. மாயவரத்துக்கு நாளை நானே பஸ் ஏறிப் போய், இந்தச் சம்பந்தம் கூடிவராது என்று சொல்லிக்கொள்கிறேன். மறுபடி எழுதக் கை வலிக்கிறது. மேலே உள்ளதை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். அங்கே குளிர் எலும்பைத் துளைக்குமாம். நல்ல கம்பளிச் சட்டையாக ஒன்று வாங்கி அவளுக்கு அனுப்பு. ஷார்ஜா வெயிலில் கம்பளிக்கு எங்கே போவது என்று கேட்காதே. தேடு.