தாய்மாமன் துப்பாக்கிக்கு ஒரு வாஷர்

பெண் பார்க்கப் போன இடத்தில், கேசரியைத் தின்றுவிட்டு வாயையும் கையையும் சும்மா வைத்திருப்பவனே புத்திசாலி. நான் வாயைச் சும்மாதான் வைத்திருந்தேன். கைதான் அடங்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். ஐ.டி.ஐ. முடித்த திமிரோடு, அப்பாவுடன் திருவேங்கடத்தில் பஸ் ஏறிச் சங்கரன்கோவிலுக்குப் போனேன். பெண்ணைப் பார்த்ததுமே மனது விழுந்துவிட்டது. ஆனால் அவளுடைய தாய்மாமன் சரி என்று சொல்லாமல் அந்த வீட்டில் தட்டு மாற்ற மாட்டார்கள். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அவரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். காரணம், மடியில் கிடந்த பொம்மைத் துப்பாக்கி. பம்ப் அடித்துச் சுட்டால் தக்கை பறக்குமாம். அக்கா பிள்ளைகளுக்காக வாங்கி வந்தது. (பிள்ளைகள் யாரும் அதைத் தொட்டதே இல்லை, மாமாதான் நாள் முழுக்கப் பல்லி சுடுவார் என்பது பிறகு தெரிந்தது.)

"எம்புட்டு அடிச்சாலும் புஸ்ஸுங்குதுவே" என்றார், அழாத குறையாக.

"எங்க பய கையில குடுங்க. செத்த நேரத்துல சரியாக்கிருவான்" என்றார் அப்பா.

வாசல் பக்கம் உட்கார்ந்து கழற்றினேன். காற்றை அடைக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து நைந்திருந்தது. சைக்கிள் பம்பில் இருப்பதுபோல் ஒரு தோல் வாஷர் போட்டால் போதும். தோலுக்கு எங்கே போவது? எதிரிலேயே செருப்புகள் கிடந்தன. அப்பாவின் செருப்பை எடுத்து, குதிகால் பக்கத்து மேல்தோலைப் பிளேடால் வட்டமாக அறுத்தேன். தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டு மாட்டினேன். அப்பா திட்டினால் பஸ்ஸில்தானே திட்டுவார்!

மாமா பம்ப் அடித்துச் சுட்டார். தக்கை பறந்துபோய்க் காலண்டரில் அடித்தது. "அடி சக்கை!" என்று துள்ளினார். "வாரும் மாப்ளே, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே வாரேன். நல்ல பதிலா சொல்லுதேன்."

வாசலில் செருப்பை மாட்டப் போனவர் அப்படியே நின்றார். அவர் செருப்பின் குதிகாலில் வட்டமாக ஒரு பள்ளம். பக்கத்தில் அப்பாவின் செருப்பு முழுசாகக் கிடந்தது. (எங்கள் வட்டாரத்தில் அப்போது தைத்த தோல் செருப்பெல்லாம் ஒரே ஜாடை. நான் என்ன செய்ய?)

"துபாய்ல கிடைக்காதுன்னு ஆசையா தைச்ச செருப்புவே! என்ன இது?"

அப்பா முந்திக்கொண்டார். "பெருச்சாளி கடிச்சிருக்கும்."

"பெருச்சாளி இம்புட்டு வட்டமாவா கடிக்கும்?"

மாமா துப்பாக்கியைப் பார்த்தார். என் எண்ணெய்க் கையைப் பார்த்தார். கல்யாணம் கைவிட்டுப் போன மாதிரிதான். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண் அடக்க மாட்டாமல் சிரித்தாள்.

"புள்ளையே சிரிச்சுட்டா. இனி நான் என்னத்தச் சொல்ல?" என்றார் மாமா.

தாய்மாமன் சீர் கொண்டு வருவதுதான் வழக்கம். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை நானும் தாய்மாமனுக்குச் சீர் வைத்தேன்: ஒரு ஜோடி செருப்பு.

இன்றும் நான் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது சத்தம் போடுவார்கள்: "ஏலே, அவரு வந்துட்டாரு! செருப்பையெல்லாம் உள்ள எடுத்து வைங்கலே!" முதல் ஆளாக ஓடி எடுத்து வைப்பது என் மனைவி. மாமா மட்டும் செருப்போடேயே உள்ளே வந்து உட்காருவார். அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.