மொட்டைமாடியில் ஒரு மேஜை

"சனிக்கிழமைக்கு எல்லாம் ஃபுல் சார்" என்று மதுரை ஹோட்டலிலிருந்து ஒரு பெண் போனில் சொன்னபோது, முத்துக்கண்ணனின் காதுக்குள் இடி விழுந்தது. அன்று வியாழக்கிழமை.

"ஒரே ஒரு மேஜைம்மா. ஓரமா இருந்தாலும் போதும்."

"ஓரம்தான் சார் மொதல்ல போச்சு."

சனிக்கிழமையோடு அவருக்கும் சந்திரவல்லிக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். மதுரையில் அந்த ஹோட்டலின் மொட்டைமாடியில், கோபுரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. இத்தனை வருடத்தில் மதுரையில் அவள் பார்த்தது ஆஸ்பத்திரியும் பஸ் ஸ்டாண்டும்தான். கோபுரங்களை பஸ் ஜன்னல் வழியே, அவை நகர்ந்து மறைவதைத்தான் பார்த்திருக்கிறாள். போன மாதமே, "மேஜைக்குச் சொல்லிட்டீகளா?" என்று கேட்டாள். "முடிச்சாச்சு" என்றார் முத்துக்கண்ணன்.

முடிக்கவில்லை. பொய் சொன்னதாகவும் அவர் நினைக்கவில்லை. அவர் ஏலக்காய் வியாபாரி. போடியில் அவர் செய்கிற தொழிலே அப்படித்தான். வடக்கே இருக்கிற பார்ட்டியிடம் "பத்து மூட்டை ரெடி" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தப் பத்து மூட்டையை வாங்க ஏலத்துக்குக் கிளம்புவார். கையில் சரக்கில்லாமல் வாக்குக் கொடுப்பது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. கடைசி நேரத்தில் எங்கிருந்தாவது சரக்கு வந்துவிடும். மேஜையும் வந்துவிடும் என்று இருந்துவிட்டார். ஏலக்காய் செடியில் காய்க்கும், மேஜை காய்க்காது என்பது வியாழக்கிழமை காலையில்தான் உறைத்தது.

"ஏங்க, மஞ்சப் பட்டா, பச்சைப் பட்டா?" உள்ளே இருந்து சந்திரவல்லியின் குரல்.

"எதுனாலும் ஒனக்கு நல்லாத்தான் இருக்கும்."

"நம்ம மேஜையில இருந்து கோபுரம் தெரியுமா?"

"தெரியுமாவா? நாலு கோபுரமும் நம்ம மேஜையப் பாத்துத்தான் நிக்குது."

"அடேயப்பா! ஒரு மாசம் முந்திச் சொன்னா சும்மாவா!"

முத்துக்கண்ணன் சட்டைப் பொத்தானை வழியில் மாட்டிக்கொண்டே ஓடினார்.

நேரே புரோக்கர் அழகுமலையிடம். மதுரை ஹோட்டல்களுக்கு ஏலக்காய் போடுகிறவர். சந்திரவல்லிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

"மாமா, எப்பிடியாவது ஒரு மேஜை. ஒங்க தங்கச்சி காதுக்கு மட்டும் போயிறக் கூடாது."

"என் வாயில இருந்து ஒரு வார்த்தை போகாது மாப்ளே" என்று சொல்லி, அழகுமலை போனோடு ஜீப்பு ஸ்டாண்டு பக்கம் ஒதுங்கினார். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பினார்.

"ஹோட்டல்ல இல்ல. ஆனா நம்மூருப் பார்ட்டி ஒண்ணு ஒரு மேஜையப் பிடிச்சு வச்சிருக்கு. மனசு வச்சா விடும்."

"யாரு மாமா?"

"என்ன மாப்ளே, தொழிலுக்குப் புதுசா? பேச்சு முடியாம எந்தப் புரோக்கராவது பேரைச் சொல்லுவானா?"

நியாயம்தான். இரண்டு பக்கமும் சரி என்று சொல்லும்வரை விற்கிறவர் பெயர் புரோக்கரின் வயிற்றுக்குள் இருக்க வேண்டும். முத்துக்கண்ணனே அப்படித்தான் ஆயிரம் மூட்டை வாங்கியிருக்கிறார்.

"என்ன கேக்குது பார்ட்டி?"

"மொதத் தரப் பச்சை ஏலக்காய், ரெண்டு கிலோ."

"ஒரு மேஜைக்கா? அதுல உக்காந்தா பட்டாபிஷேகம் பண்ணுவாகளா?"

"அப்ப விட்ருவமா?"

"ஐயோ, குடுத்துருங்க."

"ஞாயித்துக்கிழமை முழுக்க ஒங்க ஜீப்பு வேணுமாம். குரங்கணி மலைக்குப் போய் சுத்திப் பாக்கணுமாம்."

முத்துக்கண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். லோடு தவிர அந்த ஜீப்பில் எதையும் ஏற்றியதில்லை. சந்திரவல்லி கேட்டபோதுகூட, "சீட்டு தேஞ்சிரும்" என்று சொன்னவர்.

"டீசலு?"

"ஒங்களது."

"...சரி."

"கடைசியா ஒண்ணு. மேஜை யாருக்கு, ஏன் இம்புட்டு அவசரம்னு ஒங்க வாயாலேயே உண்மையச் சொல்லணுமாம். பொய் சொல்ற ஆளுக்குப் பார்ட்டி சரக்கு விடாது. இந்தாங்க என் போனு. பேசுங்க, பதிவு பண்ணி அனுப்பிருவோம்."

முத்துக்கண்ணன் போனை இரண்டு கையாலும் பிடித்தார். "ஐயா, நீங்க யாரோ எவரோ. மேஜை எம் பொண்டாட்டிக்கு. ஒரு மாசம் முந்தியே சொல்லிட்டேன்னு அவகிட்டப் பொய் சொல்லிட்டேன். இப்பக்கூட நாலு கோபுரமும் தெரியும்னு அளந்து விட்டுட்டுத்தான் வர்றேன். இருபத்தஞ்சு வருசமா அவள எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்ல. அவ மூஞ்சி வாடுறத என்னால பாக்க முடியாது. அதவிட, அவ பேசுறதக் கேக்க முடியாது. காப்பாத்துங்கய்யா!"

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

"பார்ட்டி சரின்னுருச்சு மாப்ளே."

"இப்பப் பேரைச் சொல்லுங்க."

"வெரசா வீட்டுக்குப் போங்க. பார்ட்டியே ஒங்ககிட்டப் பேசும்."

வீட்டுக்குள் நுழையும்போது முத்துக்கண்ணனின் நடையே மாறியிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார்.

"சந்திரா, சனிக்கிழமை சாயங்காலம் தயாரா இரு. ஒரு மாசம் முந்திச் சொன்ன அதே மேஜை. நான் ஒரு வாக்குக் குடுத்தா குடுத்ததுதான்."

சந்திரவல்லி தன் போனை எடுத்து அவர் முன்னால் வைத்து, விரலால் தொட்டாள்.

"ஐயா, நீங்க யாரோ எவரோ" என்றது முத்துக்கண்ணனின் குரல்.

முத்துக்கண்ணன் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. போனில் இருந்த முத்துக்கண்ணன் மட்டும் தங்குதடையின்றிப் பேசிக்கொண்டே இருந்தார். 'அவ மூஞ்சி வாடுறத' என்ற இடம் வந்தபோது சந்திரவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த வரியில் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீ... நீயா பார்ட்டி?"

"இருபத்தஞ்சு வருசமா ஏலக்கா வியாபாரிகிட்டக் குடித்தனம் பண்றேன். நீங்க 'முடிச்சாச்சு'ன்னா இன்னும் ஆரம்பிக்கலன்னு அர்த்தம். அன்னைக்கு மத்தியானமே நான் போனைப் போட்டு வாங்கிட்டேன்."

பயம் இறங்கி, கொஞ்சம் மூச்சு வந்தது. "போகட்டும் புள்ள. மேஜை வீட்டுக்குள்ளதான இருக்கு. நாம ரெண்டு பேரும்..."

"எத்தனை பேருக்கு மேஜைன்னு அண்ணன்கிட்டக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. எடை கேட்காமல் அவர் ஒரு சரக்கும் முடித்ததில்லை.

"ரெண்டு பேருக்கு. நானும் எந் தங்கச்சி தேவியும்."

"ஏ சந்திரா! மேஜைய நான்ல வாங்கியிருக்கேன்!"

"ஆமா. யாருக்குன்னு வாங்குனீக? 'எம் பொண்டாட்டிக்கு'ன்னு ஒங்க வாயாலேயே சொல்லிருக்கீகளே, மறுபடி போடவா?" பச்சைப் பட்டை உதறி மடித்தபடி அவள் சொன்னாள். "மூஞ்சிய அப்பிடித் தொங்கப் போடாதீக. தேவி வரலைன்னா பாப்போம். ஒங்க பேர வெயிட்டிங் லிஸ்ட்டுல வச்சிருக்கேன்."