தண்ணீர் குடிக்காத பேட்டரி

எலக்ட்ரீஷியன்களில் இரண்டு இனம் உண்டு. கூப்பிட்டால் வராத இனம் ஒன்று. அதை விட்டுவிடுவோம், பார்த்தவர்கள் யாரும் இல்லை. இன்னொரு இனம் வரும். வந்து, பையை இறக்கி வைத்து, உங்கள் வீட்டு ஸ்விட்ச் போர்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்ப வர்ற சாமான்ல இன்னா இருக்குது" என்று ஒரு பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சு காதில் விழுந்ததும் நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். வேலை இப்போதைக்கு ஆரம்பிக்காது.

முதலில் தேக்குப் பலகையில் வயர் ஓட்டிய கதை வரும். பிறகு 'டக்'கென்று தெருமுனை வரை சத்தம் கேட்கும் கறுப்பு வட்ட ஸ்விட்ச், கீழே போட்டால் தரை உடையுமே தவிரத் தான் உடையாத பீங்கான் ஃப்யூஸ் கட்டை, தீர்ந்துபோன டார்ச் பேட்டரிக் கட்டையை ஓட்டின் மேல் காயவைத்து இன்னும் ஒரு வாரம் ஓட்டிய சாமர்த்தியம் எல்லாம் வரிசையாக வரும். அந்த ஃப்யூஸ் கட்டை எத்தனை பேரைத் தூக்கி அடித்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அடி வாங்கியதும் அவர்களுக்குப் பெருமைதான். இப்போதைய கரண்டு அடித்தால்கூட அப்படி அடிப்பதில்லையாம்.

ஜமுனாமரத்தூரில் இந்த இனத்தின் தலைமகன் கோபால்சாமி. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கடை. கடையின் நடுவில், மனிதர் உட்கார வேண்டிய ஸ்டூலில், ஒரு பழைய லாரி பேட்டரி உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் 'பெரியவர்'. ஆயுத பூஜைக்கு மற்ற சாமான்களுக்கு ஒரு பொட்டு என்றால் பெரியவருக்கு மூன்று. பெரியவர் கடைசியாக எப்போது வேலை செய்தார் என்பது கோபால்சாமிக்கே ஞாபகம் இல்லை.

இப்படிப்பட்டவரைத்தான் சகிலா கூப்பிட வேண்டி வந்தது. சகிலா அதிகம் பேசாதவள். வீட்டின் பின்னறையில் தெர்மாக்கோல் பெட்டிக்குள் பல்பு போட்டு, நாட்டுக்கோழி முட்டைகளை அடைக்கு வைத்திருந்தாள். அந்த அறையின் மேல் அவள் கணவன் கலீலுக்கும் ஒரு கண். அவன் சந்தையில் செருப்பு விற்கிறவன். மூட்டைகள் அறை வாசல்வரை வந்துவிட்டன. குஞ்சு பொரித்தால் அறை அவளுக்கு, பொரிக்காவிட்டால் செருப்புக்கு என்று பேச்சு. இன்னும் சில நாள்தான் பாக்கி. அப்போது பார்த்து மதியத்தில் காற்றும் மழையும் அடித்து, மலைப்பாதையில் மரம் சாய்ந்து, கரண்டு போனது. அதற்கென்றே வாங்கிய இன்வர்ட்டரும் மூச்சு விடவில்லை. பெட்டிக்குள் பல்பு அணைந்தது. சகிலா முட்டைகள் மேல் கம்பளியைப் போர்த்திவிட்டு போன் போட்டாள்.

கோபால்சாமி நனைந்துகொண்டே வந்தார். அந்த இனத்திடம் அன்புக்குக் குறைவே கிடையாது. இன்வர்ட்டரைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், தேக்குப் பலகையில் தொடங்கினார். சகிலா பெட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கதை பீங்கான் கட்டைக்கு வந்தபோது கம்பளிக்குள் கையை விட்டுச் சூட்டைத் தடவினாள். டார்ச் கட்டைக்கு வந்தபோது, முட்டை ஆறுகிறது என்று மெதுவாகச் சொன்னாள். அவர் திடுக்கிட்டு பேட்டரியின் மேல் குனிந்தார். அதன் தலையில் ஒரு மூடியும் இல்லை.

"இன்னாம்மா இது, தண்ணி எங்க ஊத்துவ?"

"இது ஊத்துற பேட்டரி இல்லியாம்ண்ணா. மேலயே எழுதிக்கீது பாருங்க."

"எழுதுனவன் ஆபீஸ்ல குந்திக்கினு எழுதியிருப்பான். தண்ணி குடிக்காத பேட்டரி உசுரோட இருக்குமா? பாவம், தாகத்துல செத்துக்கினு கீது."

இவர்களுக்குப் பேட்டரி என்பது மாடு மாதிரி. தண்ணீர் காட்ட வேண்டும், உடம்பு சூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை நலம் விசாரிக்க வேண்டும். யாருடைய தயவும் இல்லாமல் மூலையில் கிடந்து வேலை செய்கிற ஒன்றை அவர்களால் மன்னிக்க முடியாது. சகிலா வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், கோபால்சாமி ஸ்க்ரூ டிரைவரால் பேட்டரியின் தலையை நெம்பித் திறந்து, கேனில் இருந்த பேட்டரித் தண்ணீரை வழிய வழிய ஊற்றி, அதன் முதுகில் தட்டியும் கொடுத்தார். இணைத்தபோது இன்வர்ட்டர் கீச்சென்று கத்தியது. பிறகு கத்தவில்லை.

பேட்டரியின் வயரை அவிழ்க்கும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. தலையைச் சொறிந்தார்.

"நட்டுதாம்மா லூசா இருந்துக்கீது."

வாசலில் இருந்த கலீல், "எந்த நட்டுண்ணா?" என்று கேட்டான்.

கோபால்சாமி அதைக் காதில் வாங்காமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பியபோது பின்னால் சணல் கயிற்றில் கட்டுண்டு பெரியவர் எழுந்தருளியிருந்தார். கலீலும் கோபால்சாமியுமாக முக்கி முனகி இறக்கினார்கள். கலீல் இறக்கிய கையோடு செருப்பு மூட்டை ஒன்றையும் அறைக்குள் இழுத்துப் போட்டான். இன்வர்ட்டர் வயரைக் கொடுத்ததும் பல்பு பீடி நுனி மாதிரி சிவந்தது. கோபால்சாமியின் கண் கலங்கியது. "பாத்தியாம்மா, அது பேட்டரி" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் காலமானார்.

சகிலா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி, பக்கத்து வீட்டுப் பூங்கோதையிடம் போனாள். பூங்கோதையின் இரண்டு கோழிகள் முட்டையே இல்லாமல் அடைகாத்துப் பிடிவாதம் பிடித்தன. அடை தெளிய அவற்றை மறுநாள் தண்ணீரில் முக்குவதாக இருந்தாள். இருவரும் ஆளுக்கு ஒன்றாகக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். செருப்பு மூட்டை மெத்தென்று இருந்தது. அதன் மேல் சாக்கு விரித்து முட்டைகளைப் பரப்பி விட்டதும், கோழிகள் வீட்டுக்காரிகள் மாதிரி உட்கார்ந்துகொண்டன. கோபால்சாமி கேனோடு எட்டிப் பார்த்தார்.

பூங்கோதை சொன்னாள்: "இதுங்களுக்கு மட்டும் தண்ணி ஊத்திடாதீங்கண்ணா."

குஞ்சுகள் பொரித்தன. பெட்டியில் பொரிக்கவில்லையே என்று கலீல் வழக்காடிப் பார்த்தான். மூட்டையை எடுக்கப் போன கையில் கோழி ஒரு கொத்து கொத்தியது. தீர்ப்பு முடிந்தது. செருப்பு இப்போதும் வாசலில்தான் இருக்கிறது. அந்த ஒரு மூட்டை மட்டும் உள்ளே, கோழிகளுக்கு.

புது பேட்டரியைத் தன் செலவில் மாட்ட வந்த கோபால்சாமி, வேலையை விட்டுவிட்டுக் கோழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "சார்ஜ் வேணாம், வயர் வேணாம், தண்ணி வேணாம். இதாம்மா பேட்டரி."

"தண்ணி குடிக்காதது பேட்டரியே இல்லன்னீங்களேண்ணா" என்றாள் சகிலா.

அவர் சற்றும் தயங்கவில்லை. "இது பழைய மாடலும்மா."

சிரித்துவிட்டீர்களா? நல்லது. எழுந்து போய் உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டை இழுத்துப் பாருங்கள். போன் தொலைந்து பல வருடமாகியும் நீங்கள் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கும் அந்தத் தடித்த சார்ஜர் அங்கே இருக்கும். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் யாராவது கேட்கட்டும். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு வரும். அதைக் கவனியுங்கள்.