கைகாட்டி குத்திய ஸ்டாம்ப்

இமயமலையில் ஒரு துண்டு நிலத்தை அயல்நாட்டானுக்குத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான் என்று மனப்பூர்வமாக நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன சமயம். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு புத்தகக் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். லண்டனிலிருந்து பூகோளப் புத்தகங்கள் வரவழைத்த ஆர்டரில் கையெழுத்து என்னுடையது. சென்னைத் துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'தேசப்படத்தில் எல்லைக்கோடு தப்பு, கையெழுத்துப் போட்டவர் நேரில் வரவும்' என்று தந்தி அடித்துவிட்டார்கள்.

எங்கள் முதலாளிக்கு ஊர் வைத்த பெயர் கைகாட்டி. புத்தகங்களை அவரளவு மதித்தவரும், மனிதர்களை அவரளவு மதிக்காதவரும் மைசூரில் பிறந்ததே இல்லை. கை சுத்தம்தான் என்று அவரிடம் நீட்டிக் காட்டாமல் அவர் கடையில் யாரும் புத்தகத்தைத் தொட முடியாது. ஒரு காலேஜ் பிரின்ஸிபாலையே, "தோசை நெய்யோட பூகோளமா? குழாய் அங்கே இருக்கு, ஸ்வாமி" என்று கொல்லைப்புறம் அனுப்பியவர்.

"சார், என்னை ஜெயில்ல போட்டுடுவாளா?"

"ஸ்வல்ப சும்மா இருடா. புஸ்தகத்தை என்ன பண்றாளோன்னு நான் தவிச்சிண்டிருக்கேன்."

என் குடையை அண்ணாவுக்கு எழுதி வைத்துவிட்டு அவரோடு ரயிலேறினேன். ஸ்ரீரங்கப்பட்டணம் வந்ததும் ரங்கநாதரிடம் விடைபெற்றுக்கொண்டேன்.

"படத்தைக் கிழிக்கணும். இல்லேன்னா பெட்டி லண்டனுக்கே திரும்பும்" என்றார் துறைமுகத்தில் சுங்க அதிகாரி.

"கொழந்தைக்குக் காது கோணல்னா அறுத்துடுவேளா?" என்றார் கைகாட்டி.

"கோடு தப்பு சார்!"

"நான் பெங்களூரைத் தாண்டினதே நேத்திக்குத்தான். இமயமலையில கோடு எங்கேன்னு எனக்கென்ன தெரியும்? நீர் போய்ப் பார்த்தீரோ?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெயில் மறைந்து தூக்குமேடை தெரிந்தது.

மத்தியானத்துக்குள் அதிகாரி களைத்துவிட்டார். 'இந்த எல்லை சரியானதல்ல' என்று ஒவ்வொரு படத்திலும் ரப்பர் ஸ்டாம்ப் குத்தினால் பெட்டியை விட்டுவிடலாம். ஆனால் ஆர்டரில் கையெழுத்துப் போட்டவரே குத்த வேண்டும் என்றார். ஸ்டாம்பை வாங்கினேன். மையில் ஒற்றி முதல் படத்துக்கு மேலே தூக்கினேன்.

கைகாட்டி அதைப் பிடுங்கிக்கொண்டார். "கோணலா குத்துவே. தள்ளு."

"சார், கையெழுத்து அவரோடது..." என்று இழுத்தார் அதிகாரி.

"கடை என்னோடது. தப்பும் என்னோடதுதான்."

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "மலைமேல வேண்டாம். சமுத்திரம் காலியாத்தானே இருக்கு?" என்று வங்காள விரிகுடாவில் நேராகக் குத்தி, ஊதி, ஒற்றி எடுத்தார். சாயங்காலம் அதிகாரியே வேறு ஒற்றுத்தாள் கொண்டுவந்து கொடுத்தார்.

நடந்தது இவ்வளவுதான். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. கடைக்குத் திரும்பியதும், ஊதா மை போகாத இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டிக் காட்டினார். "வர்றவாளுக்கு நீயே எடுத்துக் குடுடா" என்றார். மை போகும்வரை ஒரு புத்தகத்தையும் அவர் தொடவில்லை.