லீக்ஸ் அண்ணன் ஏற்றாத கதை

மலையகத்தில் எழுதுகிறவர்களுக்கென்று ஏஜென்ட் ஒருவர் இருந்தார் என்றால், அது ராகலை லீக்ஸ் அண்ணன்தான். லீக்ஸ், கரட் என்று மரக்கறி வாங்கிக் கொழும்புக்கு லொறியில் அனுப்புவது அவர் தொழில். கொழும்பில் புத்தகம் போடும் ஒருவர் அவருடைய வாடிக்கையாளர். அந்தப் பழக்கத்தில், மரக்கறி மூட்டைகளோடு எங்கள் பக்கத்துக் கதை கவிதைகளும் மலையிறங்கத் தொடங்கின.

தொண்ணூறுகளின் கடைசியில், பள்ளி ஆசிரியையான நானும் என் சிறுகதைகளைக் கொடுத்தேன். அவர் வாசித்தார் என்று சொல்ல முடியாது; தரம் பிரித்தார்.

"வெளி எலையக் கிள்ளணும் டீச்சர். மொத ரெண்டு பக்கமும் மழை பேயுது."

"கதைக்கு அது வேணும், அண்ணே."

"அதுக்காகக் கொழும்பு வரைக்கும் தண்ணியையா ஏத்திக்கிட்டுப் போறது?"

கிள்ளினேன். அடுத்த வாரம் வேறொரு புகாரோடு வந்தார்.

"இந்தப் பெரியவரு போன கதையிலயும் செத்தாருங்களே?"

"அது வேற பெரியவர்."

"அப்ப ஒருத்தரையாச்சும் பொழைக்க வைங்க. கட்டுல ரெண்டு அழுகல் இருந்தா மொத்தத்தையும் திருப்பிருவாங்க."

பிழைக்க வைத்தேன். புத்தகத்தில் அவர் இன்றும் நலமாக இருக்கிறார்.

கடைசிக் கதையில் மட்டும் லீக்ஸ் அண்ணன் கை வைக்கவில்லை. அது என் மகனின் கதை. அந்த யுத்த காலத்தில், கொழும்பில் புடவைக்கடையில் வேலை செய்தவனைப் பொலிஸ்காரர்கள் சந்தேகத்தில் பிடித்துப்போய், பல நாள் வைத்திருந்து பிறகு வெளியே விட்டார்கள். மறுபடி அதே கடைக்குப் போனான். உள்ளே நடந்ததைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. காவல் நிலைய வாசலில் நான் காத்து நின்றதை, அவன் பெயரை மாற்றி எழுதியிருந்தேன்.

"தம்பிகிட்டக் கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டா வேணாம்னுடுவான். எழுதாம என்னால இருக்க முடியல, அண்ணே."

"தோட்டத்துக்காரங்க சொல்லாம ஒரு கரட்டக்கூட நான் ஏத்துனதில்லீங்க."

மற்றக் கதைகளை மூட்டையோடு அனுப்பினார். அந்தக் கதையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தானே லொறியில் ஏறினார். வளைவுகளில் வாந்தி வருமென்று அதுவரை ஒருநாளும் அவர் தன் லொறியில் கொழும்புக்குப் போனதில்லை.

வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார். பால் விடாத பிளேன்டி ஊற்றி வைத்தேன்.

"கடைக்குப் பின்னால உக்காந்து நான்தான் வாசிச்சேன். தம்பி கடைசி வரைக்கும் கேட்டுச்சு. போடலாம்னு சொல்லிருச்சுங்க. ஒரு எடத்த மட்டும் திருத்தணுமாம்."

"எந்த எடம்?"

"பையன் கண் கலங்காம வெளிய வந்தான்னு எழுதியிருக்கீங்கள்ல? அது அப்படி இல்லையாம். நீங்க வாசல்ல நிக்கிறது தெரிஞ்சு, மொகத்தக் கழுவிக்கிட்டு வந்துச்சாம். உள்ள ரொம்ப அழுதேன், அதையும் அம்மா எழுதணும்னு சொல்லிச்சு."

அவர் முன்னாலேயே உட்கார்ந்து எழுதினேன். ஒரே ஒரு வரி. பலமுறை அடித்து எழுத வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது, பிளேன்டியைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அது ஆறிப்போயிருந்தது. பால் விட்டு வேறு தேநீர் போட்டுக் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றேன்.